அன்செல் ஆடம்ஸ்: தானே கற்றவர் எழுதிய பாடம்



ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1981இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸின் பள்ளிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. 1902இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த அவரை வகுப்பறை கட்டிப்போட முடியாததால், தந்தை சார்லஸ் 1915இல் அவரைப் பள்ளியிலிருந்து விலக்கி, அவ்வாண்டு அந்நகரில் நடந்த பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சிக்கு ஆண்டு முழுவதற்குமான நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு சென்றபோது கையில் கிடைத்த கோடாக் பெட்டிக் கேமராவிலிருந்து அவருடைய ஒளிப்பட வாழ்க்கை தொடங்குகிறது. நுண்கலை ஒளிப்படம், அதாவது செய்திக்கோ குடும்ப நினைவுக்கோ அன்றிக் கலைஞரின் பார்வையைப் புலப்படுத்துவதற்கென்றே எடுக்கப்படும் படம், கறுப்பு வெள்ளையில் எட்டிய உயரத்தை அளக்கும் எவரும் இவரைக் கடந்து செல்ல முடியாது.

தானே கற்றவர் என்ற அடைமொழியை இவருக்குச் சூட்டிக் கல்விக்கூடங்களைக் குறைத்துப் பேசும் வழக்கம் உண்டு, அது பொருத்தமற்றது. ஒளிப்படத்தை அவர் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை என்பது மெய்யே. ஆனால், பன்னிரண்டாம் வயதில் பியானோவைத் தாமே வாசிக்கத் தொடங்கி, பின்னர்க் கண்டிப்பான ஆசிரியர்களிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றபோது ஒரே இசைத்தொடரைப் பிழை நீங்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்த ஒழுக்கமே இருட்டறைக்குள்ளும் அவரோடு வந்தது. 1930இல் நியூ மெக்சிகோவின் தாவோஸில் ஒளிப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டின் நெகட்டிவ்களைக் கண்ட பிறகே பியானோக் கலைஞராகும் எண்ணத்தை அவர் கைவிட்டார். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அதிலிருந்து எடுக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டே அவர் இறுதிவரை பேசிவந்தார்.

1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுக்கச் சென்றபோது அவரிடம் இறுதியில் இரண்டு கண்ணாடித் தகடுகளே எஞ்சியிருந்தன. முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் வைத்து எடுத்த அவர், அப்படத்தில் வானம் வெளிறிப்போய்ப் பாறையின் கம்பீரம் குன்றும் என்று உணர்ந்து, நீல ஒளியைத் தடுத்து வானத்தை ஏறத்தாழக் கருமையாக்கும் அடர்சிவப்பு ஃபில்டரைப் பொருத்திக் கடைசித் தகட்டைப் பதிவு செய்தார். பிரிண்ட் எப்படி அமைய வேண்டும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே மனத்தில் கண்டுவிடும் இம்முறையை அவர் முற்காட்சி என்ற பொருளில் விளக்கினார். ஓவியத்தைப் போல மங்கலாக்கிய படங்களே கலை என்ற அக்கால எண்ணத்தை மறுத்து, எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலிய ஒளிப்படக் கலைஞர்களுடன் 1932இல் அவர் அமைத்த குழுவுக்கு எஃப்/64 என்று பெயர். லென்ஸின் திறப்பை மிகச் சிறிதாக்கி, அருகும் தொலைவும் ஒருங்கே கூர்மையாகத் தெரியச் செய்யும் அளவு அது.

தம் கைக்கு மட்டும் பழகிய திறனை 1940ஆம் ஆண்டையொட்டி சக ஒளிப்படக் கலைஞர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து மண்டல முறையாக வகுத்ததே அவருடைய பெருஞ்சாதனை. முழுக்கறுப்பு முதல் தூய வெள்ளை வரையுள்ள சாயல்களை 0 முதல் 10 வரை எண்ணிட்டு, அடுத்தடுத்த மண்டலங்களுக்கிடையே ஒளி இருமடங்காகும்படி அமைத்து, காட்சியின் எப்பகுதி எம்மண்டலத்தில் விழவேண்டும் என்று முடிவு செய்தபின் ஒளியளவையும் கழுவும் நேரத்தையும் கணக்கிடுவது அம்முறை. 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூருக்கு மேல் நிலவு எழுந்தபோது லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பதை நினைவிலிருந்து எடுத்து, அதை ஏழாம் மண்டலத்தில் வைத்துக் கணக்கிட்டு, எஃப்/32 திறப்பில் ஒரு நொடி பதிவு செய்தார். இரண்டாவது பதிவுக்கு ஆயத்தமாவதற்குள் கல்லறைச் சிலுவைகள் மீதிருந்த வெயில் மறைந்துவிட்டது. நிலவின் ஒளியளவை மறவாத அவருக்கு அப்படத்தை எடுத்த ஆண்டு நினைவில் நிற்கவில்லை என்பதும், வானியலாளர்கள் நிலவின் நிலையை வைத்துக் கணித்தே நவம்பர் 1 என்ற நாளை நிறுவினர் என்பதும் ஆறுதல் தரும் செய்திகள்.

இத்தகைய படங்கள் நெடுங்காலம் அவருக்குப் பிழைப்புத் தரவில்லை. யோசெமிட்டியின் விடுதி நிறுவனத்துக்கு விளம்பரப் படங்களும், பிற நிறுவனங்களுக்கு வணிகப் படங்களும் எடுத்துக் கொடுத்தே குடும்பத்தை நடத்தினார். கூலிக்கு உழைப்பதை அவர் இழிவாகக் கருதியதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது மன்ஸனார் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை 1943இல் படமெடுத்து, மறு ஆண்டு நூலாக்கியபோது எழுந்த எதிர்ப்பையும் அவர் பொருட்படுத்தவில்லை.

தமக்குக் கிட்டாத வகுப்பறையைப் பிறருக்கு அமைப்பதில் அவர் முனைப்பாக இருந்தார். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் 1940இல் ஒளிப்படத் துறை தோன்ற உதவினார். 1946இல் கலிபோர்னியா நுண்கலைப் பள்ளியில் ஒளிப்படத் துறையைத் தொடங்கினார். கேமரா, நெகட்டிவ், பிரிண்ட் என்ற மூன்று நூல்களில் தாம் அறிந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதினார். இன்று பட்டம் பெறுவோர், இனிமேல் பாடத்திட்டத்துக்கு வெளியே கற்கப்போவதை, அடுத்து வருபவர் சரிபார்த்துப் பயன்படுத்தத்தக்க வகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதே இப்பட்டமளிப்பு அரங்கின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.