முதுகெலும்பில் காசநோயும் ரண சிகிச்சையும்

காசநோய் என்றதும் இருமலும் மெலிந்த மார்புமே நம் நினைவுக்கு வருகின்றன. அது எலும்பையும் அரிக்கும் என்பதைப் பலர் அறியார். நுரையீரலில் தங்கிய கிருமி இரத்தத்தோடு சென்று முதுகெலும்புக் கணுக்களின் முன்புறத்தில் குடியேறுகிறது. கணு மெல்ல உளுத்துப்போகிறது, மேற்கணு கீழ்க்கணுவின்மேல் சரிகிறது, முதுகு கூனுகிறது. சரிந்த எலும்பும் சீழும் பின்னாலுள்ள தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் விளங்காமற் போகும். 1779-இல் லண்டன் வைத்தியர் பெர்சிவல் பாட் இதனை விவரித்து எழுதினார். இன்றும் நோய்க்கு அவர் பெயர் வழங்குகிறது. நோயோ அவரினும் மிகப் பழையது. எகிப்தில் அமுன் கோயில் பூசாரி ஒருவருடைய, ஏறத்தாழ 3,000 ஆண்டுப் பழமையான பதன உடலில் இந்தக் கூனைக் கண்டிருக்கிறார்கள்.

கத்தி எடுத்தவர்கள் முதலில் பின்புறமாகவே சென்றனர். தண்டுவடத்தை மூடியிருக்கும் எலும்பு வளைவை நீக்கினால் அழுத்தம் தணியும் என்று எண்ணினர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் இருப்பது முன்னால். உறுதியாக நிற்பது அந்தப் பின்வளைவு ஒன்றே. முன்சுவர் இடிந்த வீட்டில் பின்சுவரையும் பெயர்த்த கதையாயிற்று! 1911-இல் அமெரிக்காவில் ஆல்பி, ஹிப்ஸ் இருவரும் பின்புற எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் முறைகளை வெளியிட்டனர். இதனால் முதுகுக்கு ஓரளவு உறுதி கிடைத்தது. முன்னாலிருந்த சீழோ அப்படியே இருந்தது.

1944-இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியாசிடும் வந்தபின் துணிவு பிறந்தது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் மார்பைத் திறந்து, நோயுற்ற எலும்பை நேரே சென்று சுரண்டியெடுத்து, அவ்விடத்தில் நோயாளியின் எலும்புத் துண்டையே முட்டுக்கொடுத்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1956-இல் வெளிவந்தது.

ஆயினும் அதே மருந்துகள் வேறொரு கேள்வியையும் எழுப்பின. மருந்தே கிருமியைக் கொல்லுமாயின் கத்தி எதற்கு? விடை தேடிய ஊர்களுள் நம் சென்னையும் ஒன்று. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், நடக்க முடிந்த நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்தனர். சிலருக்கு ரண சிகிச்சையும் 6 மாத மருந்தும். ஏனையோருக்கு 6 அல்லது 9 மாத மருந்து மட்டும். பத்தாண்டு முடிவு 1999-இல் வெளியாயிற்று. மருந்து மட்டும் உண்டவர்கள் குணமடைந்ததில் பின்தங்கவில்லை.

ஆகவே கத்தியின் வேலை குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. மருந்து கொடுத்தும் கால் பலவீனம் மிகுந்தால், முதுகு நிலைகுலைந்தால், கூன் கடுமையாக இருந்தால் அது வேண்டும். இப்பொழுது பெரும்பாலும் பின்புறமாகவே சென்று, திருகாணிகளும் உலோகத் தண்டுகளும் பூட்டி முதுகைத் தாங்குகிறார்கள். பழைய வழிதான், இம்முறை சுவரைப் பெயர்ப்பதோடு நில்லாமல் தூணும் நாட்டுகிறோம்.

குழந்தைகள் விஷயம் தனி. கிருமி அழிந்த பின்னும் முதுகின் பின்பகுதி வளர்ந்துகொண்டே போகும். சிதைந்த முன்பகுதி வளராது. கூன் ஏறும். கோயம்புத்தூர் ரண வைத்தியர் ராஜசேகரன் 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, எக்ஸ்ரே படத்தில் நான்கு அடையாளங்களை 2001-இல் வகுத்துக் காட்டினார். இரண்டுக்கு மேல் தென்பட்டால் கூன் பெருகும் என்று எதிர்பார்க்கலாம்.

“வலி தீர்ந்தது, பிள்ளை ஓடியாடுகிறான், இன்னும் எதற்குப் படம்?” என்று பெற்றோர் என்னைக் கேட்பதுண்டு. பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்கின்முன் அருகருகே மாட்டிக் காட்டுவேன். வளர்ச்சி நிற்கும்வரை அந்தப் படங்கள் வேண்டும். கோணம் ஏறுவது தெரிந்தால், கூன் இறுகுமுன்னரே ரண சிகிச்சை செய்துவிடலாம்.