தன் முகம் கண்ட அரசி

மனநோயுற்றோரைப் பூட்டி வைப்பதோடு கடமை தீர்ந்ததெனப் பலர் எண்ணிய காலத்தில், அவர்களைக் கமராவின் முன் அமர்த்தினார் ஒரு வைத்தியர். அவர் ஹியூ வெல்ச் டயமண்ட். 1848 முதல் 1858 வரை இங்கிலாந்தின் சறே மாவட்ட மனநோய் வைத்தியசாலையில் பெண்கள் பகுதியை மேற்பார்வை செய்தவர்.

முகத்தோற்றத்தைக் கொண்டு நோயின் இயல்பை அறிவதே அவரது முதல் நோக்கம். ஆயின், படங்களை நோயாளரிடமே காட்டியபோது வேறோர் உண்மை புலனாயிற்று. அதனை 1856ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார்.

இருபது வயதுப் பெண்ணொருத்தி தன்னை அரசியென நம்பினாள். எவ்வேலையும் தன் தகுதிக்குக் குறைவென ஒதுக்கினாள். தம்மை அரசியரெனக் கருதிய பெண்கள் பலரைப் படமெடுக்க விரும்பிய வைத்தியர், அவளையும் அழைத்தார். மற்றவர்களின் மயக்கத்துக்கு இரங்கிய அவள், தான் மட்டும் பிறவியிலேயே அரசி என வாதிட்டாள், அரிதின் இசைந்தாள். பின்னர் அப்படங்களைக் கண்டு மகிழ்ந்தாள். அவற்றைப் பற்றி அடிக்கடி உரையாடினாள். அவள் தேறுவதற்கு அதுவே முதற்படி என்றார் டயமண்ட். குணமடைந்தபின், தன் பழைய எண்ணங்களை நினைத்துத் தானே சிரித்தாள்.

முகத்தில் நோயை வாசிக்கும் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. படம் மட்டுமே அவளைக் குணப்படுத்தியதென்றும் கூறுவதற்கில்லை. அவள் சொல்லைக் கேட்க ஒருவர் இருந்தார். அவ்வுரையாடலுக்கு வாயில் திறந்தது அப்படம்.