திட்டமிட்ட பயணமே தித்திக்கும்!

(பட்டிமன்றத் தலைப்பு: விடுமுறைச் சுற்றுலாவில் மகிழ்ச்சி பெரிதும் கிடைப்பது திட்டமிட்டுச் செல்வதிலா? நினைத்தவுடன் கிளம்புவதிலா? 'திட்டமிட்டுச் செல்வதிலே' என்ற அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எந்தத் திட்டமும் இல்லாமல் வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி ரொம்ப அழகா பேசிட்டு உட்கார்ந்திருக்காரு. "ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சேன். வெயில் பளிச்சுன்னு அடிச்சுது. கடல் ஞாபகம் வந்துச்சு. எல்லாரும் வண்டியில ஏறுங்கன்னேன். அரை மணி நேரத்துல கிளம்பிட்டோம். அதுதான் சுகம்" அப்படின்னாரு. நீங்களும் கைதட்டினீங்க.

நடுவர் அவர்களே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த அரை மணி நேரத்துல தம்பி என்ன செஞ்சாரு? வண்டியைத் துடைச்சாரு. கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினாரு. "இன்னுமா கிளம்பலே?"ன்னு வாசல்ல நின்னு நாலு தடவை சத்தம் போட்டாரு. (பலத்த சிரிப்பு)

அதே அரை மணி நேரத்துல அவர் வீட்டம்மா என்ன செஞ்சாங்க? புளியோதரை கிளறினாங்க. தயிர்சாதத்தைத் தூக்குல அடைச்சாங்க. சின்னவனுக்கு மாத்துத் துணி, பெரியவளுக்கு வாந்தி மாத்திரை, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்து வச்சாங்க. கேஸை அணைச்சு, கொடியில கிடந்த துணியை எடுத்து, பக்கத்து வீட்ல சாவியைக் கொடுத்துட்டு, வண்டியில ஏறுறப்போ இவரு கேட்டாராம், "உனக்கு எப்பவுமே லேட்டுதானா?" (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, இந்த உலகத்துல திடீர்ப் பயணம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வீட்டுக்குள்ள ஒருத்தர் போடுற திட்டம் இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரியலை. அதுக்கு இவங்க வச்சிருக்கிற பேருதான் திடீர்ப் பயணம்! (பலத்த கைதட்டல்)

திட்டம்னு சொன்னாலே எதிரணிக்குப் பள்ளிக்கூட மணி ஞாபகம் வருது. "ஆறு மணிக்கு எந்திரி, ஏழு மணிக்கு இட்லி, எட்டு மணிக்கு ரசி" அப்படின்னு கேலி செஞ்சாங்க. நாங்க அதைச் சொல்லலை. மூணே மூணு கேள்விதான். எப்போ போறோம்? எங்கே போறோம்? யாருக்காகப் போறோம்?

வெயிலும் வேணும், கடலும் வேணும், பழைய வரலாறும் பார்க்கணும், ஊர் மக்கள் வாழ்க்கையும் தெரியணும். எதிரணி ஆசைப்பட்ட இது அத்தனையும் ஒரே கடற்கரையில கிடைக்கும். காவிரி கடல்ல கலக்கிற பூம்புகார்ல ஆரம்பிச்சுத் தெற்கே வாங்க. தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. நிதானமாப் பார்க்க மூணு நாள் போதும்.

முதல் கேள்வி, எப்போ? தம்பி மாதிரி நவம்பர் மாசத்துல ஒரு நாள் வெயிலைப் பார்த்துட்டுக் கிளம்பினா என்ன ஆகும்? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அந்தக் கரையில வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் பார்க்கப் போய், ஓட்டல் ஜன்னல் வழியா மழையைப் பார்த்துட்டு வரலாம். (சிரிப்பு) பொங்கல் கழிஞ்சு போங்க. வெயிலும் இதமா இருக்கும். பள்ளிக்கூட லீவு மே மாசம்தான்னா, காலையில கோட்டை, மத்தியானம் நிழல், சாயங்காலம் கடல்னு பிரிச்சுக்கோங்க.

"கையில செல்போன் இருக்கு, போற வழியில ரூம் போட்டுக்கலாம்"னாரு இன்னொரு தம்பி. போடுங்க! ஆகஸ்ட் 29-லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணித் திருவிழா. லட்சக்கணக்கான ஜனம். நாகூர்க் கந்தூரி பதினாலு நாள். அது பிறைக் கணக்கு, வருஷா வருஷம் தேதி மாறும். திருவிழாவைப் பார்க்கணும்னாலும் தேதி தெரியணும். கூட்டம் வேண்டாம்னாலும் தேதி தெரியணும். கோயில் நடை சாத்தினதுக்கு அப்புறம் போய் இறங்கி, கோபுரத்தை மட்டும் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டு வந்த குடும்பங்கள் இந்த அரங்கத்துல எத்தனை? (சிரிப்பு) கையைத் தூக்க வேண்டாம், முகத்துலயே தெரியுது!

இரண்டாவது கேள்வி, எங்கே? எதிரணித் தலைவர் கேட்டாரு, "கடலைப் பார்க்க எதுக்கம்மா முன்கூட்டியே படிச்சுட்டுப் போகணும்?" ஐயா, தரங்கம்பாடியில இறங்குறீங்க. கடற்கரையில ஒரு கோட்டை இருக்கு. தெரியாதவனுக்கு அது ஒரு பழைய சுவரு. தெரிஞ்சவனுக்கு? 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி டென்மார்க்காரன் கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை அது. அந்த நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்க ஏட்டுல, தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் கோபன்ஹேகன்ல இன்னைக்கும் இருக்கு. 1845-ல அந்த ஊரையே வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுப் போனாங்க. கோட்டைக்குப் பக்கத்துலயே மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயில், கோட்டையை விட ஏறக்குறைய 300 வருஷம் மூத்தது. முன்பகுதியைக் கடல் அரிச்சுட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதை நம்ம பிள்ளைங்க பார்க்கணுமா வேண்டாமா?

அங்கேயிருந்து தெற்கே வந்தா காரைக்கால் அம்மையார் பிறந்த ஊரு. அப்புறம் நாகூர் தர்கா, அஞ்சு மினாராவோட நிக்குது. தெருவுல வாடா சூடாப் போட்டுத் தர்றாங்க. கொஞ்ச தூரத்துல வேளாங்கண்ணி மாதா. ஒரே சாலை, மூணு சமயம். மூணு இடத்துலயும் மூணு சமயத்துக்காரங்களும் நிக்கிறாங்க. இதைப் பாடப் புத்தகத்துல சொன்னாப் பிள்ளைக்குப் புரியாது. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாப் புரியும். (கைதட்டல்)

எதிரணியில ஒரு அம்மா கலங்கிப்போய்க் கேட்டாங்க. "2004 டிசம்பர் 26-ல அதே நாகப்பட்டினம் கரையில ஆயிரக்கணக்கான உயிர் போச்சே, கடல் யார் திட்டத்துக்குக் கட்டுப்பட்டது?"ன்னு. உண்மைதான் தாயே. கட்டுப்படாது. கடலுக்கு நம்மால திட்டம் போட முடியாது. ஆனா கடல்லயே பிறந்து வளர்ந்த மீனவர், காத்தைப் பார்த்து, அலையைப் பார்த்து, நீரோட்டத்தைப் பார்த்துத்தான் படகைத் தள்ளுறாரு. நாம கடலே இல்லாத ஊர்லேர்ந்து வந்து, பஸ்ஸை விட்டு இறங்கினதும் குதிக்கிறோம்! ஆறு கடல்ல சேர்ற முகத்துல இழுப்பு அதிகம். அந்த ஊர்க்காரங்களைக் கேட்டுட்டு இறங்குங்க. இருட்டினா ஏறிடுங்க. ஒரு நிமிஷம் கேட்கிறது உயிரைக் காக்கும்னா, அந்த ஒரு நிமிஷத்துக்குப் பேரும் திட்டம்தான் நடுவர் அவர்களே. (பலத்த கைதட்டல்)

மூணாவது கேள்வி, யாருக்காகப் போறோம்? இதுதான் முக்கியமான கேள்வி. இதை எங்க வீட்ல ரொம்ப நாள் யாரும் கேட்கலை.

எங்க ஊரு மதுரைப் பக்கம். நான் எட்டாவது படிக்கும்போது எங்க அப்பா ஒரு நாள் ராத்திரி வந்து, "கிளம்புங்க, கன்னியாகுமரி போறோம்"னாரு. தம்பி சொன்ன மாதிரியே திடீர்ப் பயணம். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கலை. முக்கடல்ல ஆடினோம், மணல்ல புரண்டோம், போட்டோ எடுத்தோம். பத்துப் போட்டோ. ரொம்ப வருஷம் கழிச்சு அந்த ஆல்பத்தைப் புரட்டினேன். பத்துலயும் எங்கம்மா இல்லை. ஒரு போட்டோவுல மட்டும், ஓரத்துல எங்க செருப்பெல்லாம் வரிசையா இருக்கு. பக்கத்துல ஒரு சேலை முந்தானை தெரியுது. அவ்வளவுதான்.

போய் அம்மாகிட்ட கேட்டேன். "ஏம்மா, நீ கடல்ல இறங்கவே இல்லையா?" அம்மா சாதாரணமாச் சொன்னாங்க, "பையையும் செருப்பையும் யாரு பார்த்துக்கிறது தாயி?"

(அரங்கில் அமைதி)

அப்புறம்தான் நாங்க உட்கார்ந்து திட்டம் போட்டோம். அம்மாவுக்கு இப்போ வயசு எழுபதுக்கு மேல. மூட்டு வலி. "உனக்கு என்னம்மா பார்க்கணும்?"னு கேட்டோம். அம்மாவுக்குப் பதிலே வரலை. அந்தக் கேள்வியை அதுக்கு முன்னால யாரும் கேட்டதில்லை. ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னாங்க, "எதையும் பார்த்துக்கச் சொல்லாம, கொஞ்ச நேரம் கடல்ல கால் நனைக்கணும்."

தரங்கம்பாடின்னு முடிவு பண்ணினோம். படி ஏற வேண்டாத கீழ்த்தள அறை, உட்கார்ற மாதிரி கழிப்பறை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துற இடம், எல்லாம் முன்கூட்டியே கேட்டு வச்சோம். சமையல் கிடையாது. யாரும் புளியோதரை கிளறலை. சாயங்காலம் கடற்கரையில செருப்புக்குக் காவல் யாரு தெரியுமா? எங்க வீட்டுக்காரர்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அம்மா தண்ணியில நின்னாங்க. என் பையன் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, போறதுக்கு முன்னால நாங்க படிச்சுக் காட்டின கதையைச் சொன்னான். "அம்மாச்சி, 1706-ல சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன்காரர் இந்தக் கரையில வந்து இறங்கினாராம். சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்து, மணல்ல விரலால எழுதித் தமிழ் கத்துக்கிட்டாராம். அப்புறம் 1715-ல பைபிளோட புதிய ஏற்பாட்டையே தமிழ்ல அச்சடிச்சாராம்."

எங்கம்மா படிச்சது மூணாம் வகுப்பு. "நாங்களும் மணலைப் பரப்பித்தானடா எழுதினோம்"னாங்க. மூட்டு வலியை மறந்து மெல்லக் குனிஞ்சு, ஈர மணல்ல பெரிசா ஒரு 'அ' எழுதினாங்க. அலை வந்து அழிச்சுது. திரும்ப எழுதினாங்க. பேரன் பக்கத்துல 'ஆ' எழுதினான். இருட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் ஏறி வரவே இல்லை.

இந்த 'அ'வை நாங்க திட்டம் போடலை ஐயா. அது தானா வந்துச்சு. எதிரணி சொல்ற திடீர்ச் சந்தோஷம் அதுதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா அது வந்து உட்கார இடம் வேணுமே! செருப்புக்குக் காவல் இருந்த வரைக்கும் எங்கம்மாவுக்கு அது வரலையே!

அதனால வீட்டுக்குப் போனதும் உங்க பழைய ஆல்பத்தைப் புரட்டுங்க. எந்தப் போட்டோவுலயும் இல்லாத ஒருத்தர் இருப்பாங்க. அவங்ககிட்ட "உனக்கு என்ன பார்க்கணும்?"னு கேளுங்க. அங்கேயிருந்து திட்டத்தை ஆரம்பிங்க. அப்படிப் போட்ட திட்டத்திலேதான் குடும்பம் முழுசுக்கும் மகிழ்ச்சி இருக்கிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)