வேலியே பயிரை மேய்ந்தால்...
(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கே விலங்கியல் படித்த நான், இன்று நோய் எதிர்ப்பியல் பாடம் நடத்துகிறேன். "விழா மேடையில பேசுற விஷயமா இது?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். பேசாமல் இருப்பதுதான் சிக்கலே!

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 19 கோடிப் பேர். கருப்பையின் உட்படலம் போன்ற திசு, சினைப்பையிலும் வயிற்றறையிலும் ஒட்டி வளர்கிறது. கடும் வலி, சிலருக்குக் குழந்தைப்பேறும் தடைப்படுகிறது.

அது அங்கே எப்படிப் போயிற்று? மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய், அதிலுள்ள திசு வயிற்றுக்குள் வேர்விடுகிறது என்றார் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்ஸன், 1927-ல். ஆனால் 1984-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் 90 சதவீதம் பேருக்கு இப்படி ரத்தம் பின்னோக்கிப் போவது தெரிந்தது. அத்தனை பேருக்கும் நோய் வரவில்லையே, ஏன்?

காவலுக்கு ஆள் இருக்கிறது. 'இயற்கைக் கொல்லி' செல்கள் வழிதவறி வந்த திசுவைக் கொல்லும். மேக்ரோபேஜ் செல்கள் மிச்சத்தை விழுங்கித் துப்புரவு செய்யும். இந்த நோயாளிகளிடம் முதல் வகையின் கொல்லும் திறன் குறைந்திருக்கிறது. மேக்ரோபேஜ்களோ எண்ணிக்கையில் அதிகம், விழுங்கும் திறனில் குறைவு. அதோடு விட்டதா? அவை சுரக்கும் பொருள்கள் அந்தத் திசுவுக்குப் புது ரத்தக்குழாய்களையும் நரம்பு இழைகளையும் வளர்த்துவிடுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! வலிக்கும் இதில் பங்குண்டு. ஹார்மோன்களும் மரபணுக்களும்கூடக் காரணங்களே.

வலிநிவாரணி, ஹார்மோன் மருந்து, லேப்ராஸ்கோப்பி அறுவை ஆகியவையே இன்றைய சிகிச்சை. எதிர்ப்புச் செல்களைச் சரிசெய்யும் மருந்துகள் ஆய்வு நிலையில்தான் உள்ளன. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகின்றன. "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற பேச்சும் அதற்கு ஒரு காரணம்.

மாணவியரே, மாதாமாதம் வகுப்புக்கு வரமுடியாத அளவு வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. மாணவர்களே, உங்கள் அக்காவோ தங்கையோ வலி என்றால், நடிப்பு என்று சொல்லாதீர்கள். அந்த வலிக்குக் காரணம் செல்களில் இருக்கிறது.