கலயேது: ஒரு கற்குவியல், இரண்டு பெயர்கள்

(வானொலியில் வழங்கிய மறையுரை. வாசகம்: தொடக்க நூல் 31: 43-54)



இராஜபாளையத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திர நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் பெயரில் நிற்கிற ஊர் அது. அந்தக் குடும்பங்களில் இன்றும் வீட்டுக்குள் தெலுங்குதான். அடுப்படியில் அம்மாவிடம் 'நீள்ளு' கேட்ட பிள்ளை, வாசலுக்கு வந்ததும் 'தண்ணி வந்துருச்சா?' என்று பக்கத்து வீட்டில் கேட்கும். ஒரே தண்ணீர், ஒரே குழாய், இரண்டு பெயர். யாரும் அதற்காகச் சண்டை போடுவதில்லை.

விவிலியத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே கற்குவியலுக்கு, இரண்டு பேர் இரண்டு மொழிகளில் பெயர் வைத்தார்கள். லாபான் அதை 'எகர் சகதுத்தா' என்றார். யாக்கோபு 'கலயேது' என்றார். திருப்பலியில் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். சிலர் பெயரை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இன்று அந்தப் பெயரிலேயே சற்று நிற்போம்.

முதலில் கதை. யாக்கோபின் தாய் ரெபேக்காவுக்கு உடன்பிறந்த சகோதரர் லாபான். அப்படியானால் யாக்கோபுக்கு அவர் தாய்மாமன். அந்த மாமன் மகள்களையே யாக்கோபு மணந்தார், அதனால் மாமனாரும் ஆனார். இது நமக்குப் புரியாத உறவா? (மாமன் மகளைக் கட்ட இன்றைக்குத் திருச்சபையிடம் விலக்கு வாங்க வேண்டும் என்பது வேறு விஷயம்.) யாக்கோபு அந்த வீட்டில் உழைத்தது இருபது ஆண்டுகள். பதினான்கு ஆண்டுகள் இரண்டு பெண்களுக்காக, ஆறு ஆண்டுகள் ஆடுகளுக்காக. பத்து முறை கூலியை மாற்றினார் மாமனார். கடைசியில், லாபான் ஆட்டுக்கு உரோமம் கத்தரிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் மனைவி மக்களோடும் மந்தையோடும் யாக்கோபு கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் சேதி தெரிந்து, லாபான் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஏழு நாள் துரத்திக் கிலயாது மலைநாட்டில் பிடித்தார்.

ஆனால் அங்கே அடிதடி நடக்கவில்லை. முந்தின இரவு கடவுள் கனவில் வந்து லாபானை எச்சரித்திருந்தார். பேச்சு மட்டும் கடுமையாக நடந்தது. பிறகு இருவரும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். யாக்கோபு ஒரு கல்லை நிறுத்தினார். உறவினர்கள் கற்களைப் பொறுக்கிக் குவித்தார்கள். அந்தக் குவியலருகே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். 'கெட்ட எண்ணத்தோடு இந்தக் குவியலைத் தாண்டி நான் உன் பக்கம் வரமாட்டேன், நீயும் என் பக்கம் வரக்கூடாது' என்பது உடன்படிக்கை.

பெயரின் பொருளுக்கு வருவோம். யாக்கோபு சொன்னது எபிரேயம். அதில் 'கல்' என்றால் குவியல், 'ஏது' என்றால் சாட்சி. இந்த எபிரேயக் 'கல்'லும் நம் தமிழ்க் கல்லும் ஒன்று என்று சிலர் ஆர்வமாகச் சொல்வார்கள். குருமடத்தில் எபிரேயம் படித்த நாளில் எனக்கும் அப்படி ஓர் ஆசை வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான், அதை வைத்து மாளிகை கட்ட வேண்டாம். லாபான் சொன்னது அரமேயம். 'எகர்' குவியல், 'சகதுத்தா' சாட்சியம். ஆக இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே: சாட்சிக் குவியல். பழைய ஏற்பாட்டில் தானியேல், எஸ்ரா நூல்களின் சில பகுதிகளும் எரேமியாவில் ஒரு வசனமும் அரமேயத்தில் உள்ளன. மோசேயின் ஐந்து நூல்களில் அந்த மொழியின் சொற்றொடர் வருவது இந்த ஓர் இடத்தில்தான். எபிரேயத்தில் எழுதிக்கொண்டே போன ஆசிரியர், மாமனார் வைத்த பெயரை மொழிபெயர்த்து மறைத்துவிடாமல், அவர் வாயில் வந்தபடியே எழுதிவைத்தார். எதிராளியின் சொல்லுக்கும் ஏட்டில் இடம் கொடுத்தார். எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது.

'சகதுத்தா'வின் வேர்ச்சொல் அரபு மொழியிலும் உண்டு. நம் இஸ்லாமியச் சகோதரர்கள் ஓதும் 'ஷஹாதா' அதற்கு உறவுச் சொல். யோபு நூல் 16ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தில், தனக்கு விண்ணகத்தில் ஒரு சாட்சி இருக்கிறார் என்று யோபு கதறுகிறார். அங்கே முதல் பாதியில் எபிரேயச் சொல்லும், இரண்டாம் பாதியில் அரமேய வேரிலிருந்து வந்த சொல்லும் நிற்கின்றன. கலயேதில் மாமனும் மருமகனும் ஆளுக்கொன்றாகச் சொன்ன இரண்டு சொற்களும், துன்பப்படுகிற ஒரே மனிதன் வாயில் சேர்ந்து வருகின்றன.

இன்னொன்று. பழங்கால எபிரேயத்தில் மெய்யெழுத்துகளைத்தான் எழுதுவார்கள். உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. அப்படிப் பார்த்தால் 'கலயேது'க்கும் 'கிலயாது'க்கும் அதே நான்கு எழுத்துகள்தாம். கிலயாது, யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள மலைநாடு, இன்றைய ஜோர்டான் தேசத்தில் இருக்கிறது. எலியா இறைவாக்கினர் அந்தப் பக்கத்துக்காரர். அங்கே கிடைத்த பிசின் மருந்துக்குப் பேர்போனது. நாட்டின் பெயர் முன்பே இருந்திருக்கும், கதை அதற்கு விளக்கமாக அமைந்திருக்கும் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகிறார்கள். இதைக் கேட்டு யாரும் அதிர்ச்சியடைய வேண்டாம். வில்லி, கண்டன் என்ற இரு வேடர் சகோதரரின் கதையைச் சொல்லித்தானே ஸ்ரீவில்லிபுத்தூர் தன் பெயரை விளக்குகிறது? ஒரு பெயருக்குக் கதை சொல்லும்போது ஓர் ஊர் தான் எதை முக்கியமாக நினைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. கிலயாது தன் பெயரில் ஒரு குடும்பச் சமாதானத்தைக் கேட்டது.

சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் இருக்கிறது. சி.எம்.எஸ். மிஷனரிமார் பணிசெய்த இடம். நம் கத்தோலிக்கர் வைத்த பெயர் இல்லை, ஆனாலும் நல்ல பெயர். பேருந்தில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலயேது ஞாபகம் வரும்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறேன். நம் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இராஜபாளையத்திலிருந்து காலையில் அங்கே போகிற பேருந்தில் ஏறிப் பாருங்கள். மடியில் மஞ்சள் பையோடு, பைக்குள் கட்டுக் காகிதத்தோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். முன் இருக்கையில் அண்ணன், பின் இருக்கையில் தம்பி. ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள். வாய்தா முடிந்து திரும்பும்போது அண்ணன் ஒரு கடையில் பால்கோவா வாங்குவார், தம்பி அடுத்த கடையில் வாங்குவார். இரண்டு பொட்டலமும் போய்ச் சேருவது ஒரே தாய்க்கு.

கல் ஊன்றிய நிலத்தில்தான் இத்தனை வழக்கும். நம் முன்னோர் பெருமாள் கோயில் நிலத்துக்கு எல்லையில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல் நட்டார்கள், சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல் நட்டார்கள். அடுத்தவன் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று இணைச்சட்ட நூலும் சொல்கிறது. இன்று சர்வே கல், பட்டா, புலப்படம் எல்லாம் இருக்கின்றன. இருந்தும் இரவோடு இரவாகக் கல் ஓரடி நகர்ந்துவிடுகிறது.

கல்லை நகர்த்தாமலே பங்கை நகர்த்துகிற வேலையும் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தேன். ஒரு குடும்பத்தில் தகப்பனார் இறந்து நாற்பதாம் நாள் பூசை முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மூத்த மகன் ஒரு பத்திரத்தை எடுத்துவந்து, 'சாமி, நீங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டா மரியாதையா இருக்கும்' என்றார். தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அந்தப் பெண் அடுக்களை வாசலில் நின்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தது. நான் அதன் முகத்தைப் பார்த்தேன். 'உனக்குச் சம்மதமா, அம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அண்ணன் பங்குக் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர். பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, கோயில் வாசலில் எல்லாரும் போகிற வழியில், அந்தப் பெண் என்னிடம் கேட்டது: 'சாமி, நீங்க எதுக்குச் சாட்சி?' பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் தொடக்க நூல் 31ஐ முழுதாக வாசித்தேன். அதுவரை யாக்கோபையும் லாபானையும் மட்டுமே பார்த்திருந்தேன். நடுவில் இராகேலும் லேயாவும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: எங்கள் தந்தை வீட்டில் எங்களுக்கு இனிப் பங்கோ உரிமைச்சொத்தோ உண்டா? எங்களை அந்நியராக நடத்தி விற்றுவிட்டு, அந்தப் பணத்தையும் அவரே தின்றுவிட்டாரே! இவ்வளவு பச்சையாக ஒரு மகளின் குறையை விவிலியம் பதிவுசெய்திருக்கிறது. இராகேல் தந்தையின் குலதெய்வச் சிலைகளை எடுத்து ஒட்டகச் சேணத்துக்கு அடியில் ஒளித்ததும் இந்தக் கோபத்தோடு சேர்ந்ததுதானோ என்று தோன்றுகிறது. அந்தச் சிலை யாரிடம் இருக்கிறதோ அவருக்கே சொத்துரிமை என்று, நூசி என்ற இடத்தில் கிடைத்த களிமண் பலகைகளை வைத்து ஒரு காலத்தில் விளக்கினார்கள். இன்று பலர் அதை ஏற்பதில்லை. அது எப்படியோ போகட்டும். மகள்களின் கேள்வி நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நம் மக்களில் பலருக்குத் தெரியவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும். மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. கேரளத்தின் திருவிதாங்கூர்ப் பகுதியில் மகளுக்கு மிகக் குறைத்துக் கொடுக்கும் பழைய சட்டம் 1916லிருந்து இருந்தது. மேரி ராய் என்ற பெண்மணி தன் பங்குக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் வந்த தீர்ப்பால் அந்தப் பகுதிப் பெண்கள் எல்லாருக்கும் சமபங்கு கிடைத்தது. நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. லாபானும் அப்படித்தான் பேசியிருப்பார். தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. 'கையெழுத்துப் போடலேன்னா அண்ணன் வீட்டு வாசல் உனக்கு அடைப்பு' என்று சொல்லி வாங்கினால் அதற்கு வேறு பெயர்.

கலயேதுக்குத் திரும்புவோம். அந்த ஒப்பந்தத்தில் லாபான் வைத்த முதல் நிபந்தனையைக் கவனித்தீர்களா? எல்லையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, 'என் மகள்களைத் துன்புறுத்தாதே, அவர்களுக்கு மேல் வேறு பெண் கொள்ளாதே, யாரும் பார்க்காவிட்டாலும் கடவுள் சாட்சி' என்கிறார். அதனால் அந்த இடத்துக்கு 'மிஸ்பா', காவல்மேடு, என்றும் ஒரு பெயர். இருபது ஆண்டுகள் கணக்குப் பார்த்தே வாழ்ந்த கிழவர், கடைசி நேரத்தில் தகப்பனாகிவிட்டார். அவர்கள் ஒரே மொழிக்கு வரவில்லை. ஆணையிட்டபோதும் லாபான் நாகோரின் கடவுளையும் சேர்த்துச் சொன்னார், யாக்கோபு தம் தந்தை ஈசாக்கு அஞ்சி வணங்கியவர் பெயரால் ஆணையிட்டார். கூலிக் கணக்கும் தீரவில்லை. சிலை கிடைக்கவேயில்லை. இத்தனை பாக்கியோடும் உட்கார்ந்து ஒன்றாக அப்பம் உண்டு, மலையில் ஓர் இரவு தங்கினார்கள்.

பிற்காலத்தில் யூத மக்கள் பேசியது எந்த மொழி தெரியுமா? அந்த மாமனாரின் மொழியைத்தான். சிறுமியைக் கைப்பிடித்து 'தலித்தா கூம்' என்று எழுப்பியதும், செவிடர் காதில் 'எப்பத்தா' என்றதும், கெத்சமனியில் 'அப்பா' என்று மன்றாடியதும் அரமேயத்தில். யாக்கோபின் வழிவந்த நம் ஆண்டவர் லாபானின் பேச்சில்தான் செபித்தார்.

மறுநாள் விடியற்காலையில் லாபான் எழுந்து, பேரப்பிள்ளைகளையும் மகள்களையும் முத்தமிட்டு, ஆசி கூறிவிட்டு ஊருக்குத் திரும்பினார். மருமகனை முத்தமிட்டதாக அங்கே எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், அந்தப் பையன் முதன்முதலாக வந்தபோது, ஓடிவந்து கட்டித் தழுவி முத்தமிட்டவர் அவரேதான். அந்த முத்தம் திரும்பி வரவில்லை. கற்குவியல் நின்றது. யாக்கோபு தன் வழியே மேலே நடந்தார், எதிரே நானூறு ஆட்களோடு அண்ணன் ஏசா வந்துகொண்டிருந்தார். அந்தக் கதையையும், வழியில் யாக்கோபு 'மகனயிம்' என்று பெயரிட்ட இடத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம். எல்லாம் வல்ல இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.