காரின் மூளையில் கை வைக்கும் முன்...



மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும் கிழக்கு கடற்கரைச் சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வை நாமே டியூன் செய்யலாமா, நிபுணரிடம் கொடுக்கலாமா?

செல்போனும் ஓ.பி.டி. கருவியும் போதும்னு தோணும். ஆனா மென்பொருள் ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் ஈ.சி.யு. செயலிழக்கலாம். ஸ்பார்க் நேரம் பிசகினால் பிஸ்டனே போயிடும். அனுபவமுள்ள நிபுணர் பழைய ஃபைலைப் பத்திரப்படுத்துவார்; உப்புக் காற்றில் அரித்துப்போன சென்சார் இணைப்புகளைச் சரிபார்ப்பார்; டைனோவில் அளந்து படிப்படியாக மாற்றுவார். எனவே நிபுணரே மேல்.

ஆனால் யார் செய்தாலும் சட்டம் ஒன்றுதான். ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புகை அளவு கூடினால் மாசுச் சான்றும் கிடைக்காது. வாரண்டி, காப்பீட்டு விதிகளை முதலில் படிங்க. எம்-பரிவாகன் செயலியில் உங்க ஆர்.சி., காப்பீடு, மாசுச் சான்று விவரங்களைப் பார்க்கலாம்.

வேகம் பார்க்கணுமா? ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கு. இந்தச் சாலை, விடியலில் உப்பளத்துக்கு நடந்து போறவங்களுக்கும் சொந்தம்.