மருந்துத் தொழிலும் ஊதிய நோக்கமும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வணிக குலத்திற் பிறந்தும் வாணிகம் அறியாது, பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடஞ் சொல்லிக் காலங் கழிக்கும் என்னை அழைத்து, ஊதியத்தைப் பற்றிப் பேசுக எனக் காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டார்கள். நீந்தத் தெரியாதவனை ஆற்றின் ஆழம் பார்த்துவரச் சொன்னது போன்றது இது. ஆயினும் இன்று பிற்பகல் இவ்வவையின்முன் வரவிருக்குந் தீர்மானம் இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. நம் மகமைப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஊதியங் கருதாத மருந்துக்கடை ஒன்று வைக்கலாமா என்பதே அத்தீர்மானம். நம்மவருள் மருந்துக்கடை நடத்துவோர் பலர். அவர்கட்கு இது உவப்பாயிராது என்பதை யான் அறிவேன். அவர்களும் இங்கே இருக்கின்றனர். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகின்றேன்.

முதற்கண் சொல்லைத் தெளிந்துகொள்வோம். ஊதியம் என்றால் மாதச் சம்பளம் என்றே என் மாணாக்கர் எண்ணுகின்றனர். திருக்குறள் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் இச்சொல்லில் இடறுகின்றனர். பண்டை வழக்கில் ஊதியமாவது இலாபம். முதலுக்கு மேல் வரும் ஆக்கம். அப்பொருளிலேயே ஈண்டு வழங்குகின்றேன். ஊதியம் வேறு, ஊதிய நோக்கம் வேறு. வரவு செலவினும் மிகுதல் ஊதியம். அம்மிகுதியே தொழிலின் தலையாய குறியாக நின்று, இன்னதைச் செய்க, இன்னதை விடுக, இவ்விலைக்கு விற்க என்று ஏவுமாயின் அது ஊதிய நோக்கம். முன்னது இன்றி எந்தத் தொழிலும் நெடுநாள் நில்லாது. பின்னது எல்லாத் தொழிலிலும் தலைமை பெறத்தக்கதா என்பதே வினா.

புடைவை வாங்க வருகின்றவள் விலை ஒவ்வாவிடின் அடுத்த கடைக்குப் போகின்றாள். அடுத்த திருநாள்வரை பொறுக்கவும் செய்கின்றாள். வெல்லத்தை நாவில் இட்டுப் பார்த்து நல்லது தீயது அறிகின்றோம். மருந்தில் இவற்றுள் ஒன்றும் இயலாது. தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், உண்பவன் நோயாளி, பணந் தருவோன் பெரும்பாலும் அவன் மகனோ தமையனோ. மூவரும் வெவ்வேறானவர். மாத்திரையின் தரத்தை நாவால் அறிய முடியாது. அறுவடை முடியட்டும் என்று நோய் காத்திராது. கொள்வோன் மறுக்கவல்லன் என்னும் அச்சமே விற்போனை நேர்வழியில் நிறுத்துகின்றது. அவ்வச்சம் இல்லாத இடத்தில் விற்போன் நல்லவனாயின் நன்று. அல்லனாயின் தடுப்பார் யார்?

திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் ஈற்றில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக் கூறுகின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்பன அவை. மருந்து விற்போன் அந்நான்கனுள் இல்லை. இதனைக் கொண்டு வள்ளுவர் மருந்து வாணிகத்தை விலக்கினார் என்று சாதித்தல் வம்புவாதம். அக்காலத்தில் மருத்துவனே மருந்து செய்தான் என்பதற்கு மேல் அதிற் பெறுவது யாதுமில்லை. எனினும் இன்று அவ்வைந்தாம் உறுப்பே மற்றை நான்கினையும் ஆளுகின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில செய்திகளைச் சொல்லுகின்றேன். நீரிழிவுக்கு உரிய இன்சுலின் 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரிற் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர்கள் 1923-இல் தம் காப்புரிமையை அந்நகரப் பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டனர். யாரும் இதனை முற்றுரிமையாக்கி ஏழைகளை வருத்தலாகாது என்பது அவர் கருத்து. ஏறத்தாழ நூறாண்டிற்குப் பின் நிகழ்ந்தது என்ன? அமெரிக்காவில் இன்சுலின் விற்பனையிற் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களின் கையில் ஒடுங்கியது. விலை பன்மடங்கு ஏறியது. ஊசி மருந்தை அளவு குறைத்துப் போட்டுக்கொண்டு நாள் கடத்திய நோயாளர் உண்டு. நாட்டினரின் கூக்குரலும் சட்டத்தின் நெருக்கடியும் மிக்க பின்னரே, 2023-இல் அம்மூவரும் விலைக்குறைப்பு அறிவித்தனர். கண்டவரின் அறவுள்ளம் ஒரு தலைமுறைக்கே காவலாயிற்று. பின்னர் மேம்படுத்திய வகைகளுக்கெல்லாம் புதிய காப்புரிமைகள் எழுந்தன. அவற்றைக் காக்க அறநிலையம் எதுவும் இல்லை.

டாராப்ரிம் என்னும் மாத்திரை 1953-ஆம் ஆண்டு முதல் வழங்கி வருவது. புதுமை ஒன்றும் அதில் இல்லை. 2015-இல் அதன் உரிமையை வாங்கிய ஒரு நிறுவனம், பதின்மூன்றரை டாலராக இருந்த மாத்திரையின் விலையை ஒரேயடியாக 750 டாலர் ஆக்கியது. செய்யுஞ் செலவு ஏறியதனால் அன்று; அந்நாட்டில் வேறு எவரும் அதனைச் செய்யவில்லை என்பதனால்.

விலை ஏற்றுதலினும் கொடியது செய்யாது விடுதல். ஆப்பிரிக்காவின் பாம்புக்கடிக்கு உதவிய ஒரு நல்ல நச்சுமுறி மருந்தை அதனைச் செய்த நிறுவனம் 2014-இல் நிறுத்திவிட்டது. எஞ்சிய கடைசிச் சரக்கும் 2016-இற் காலாவதியாயிற்று. வயலில் வெறுங்காலோடு நடப்பவனையே பாம்பு கடிக்கின்றது. அவனிடம் பணம் இல்லை. ஆதலின் அது ஊதியமற்ற சரக்கு. நம் நாட்டில் அந்நிலை வாராமைக்கு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் ஒரு காரணம். பாம்பைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு மூலப்பொருளாகின்றது. நாகரிகம் மிக்கவர் என்று நாம் நினைப்போர் கைவிட்ட வேலையை, நாம் பின்தங்கியவர் என்று நினைப்போர் செய்கின்றனர்.

காசநோய்க்கு 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுலின், ஏறத்தாழ நாற்பதாண்டிற்குப் பின் அந்நோய்க்கு வந்த புதுவகை மருந்து. இடையில் அறிவியல் உறங்கிவிடவில்லை. ஏழையர் நோயிற் பணம் இல்லை. இதற்கு மாறாக ஒன்று பாருங்கள். 1956-இற் சென்னையில் அரசாங்கப் பொருளுதவியால் தொடங்கிய ஆராய்ச்சி, காசநோயாளர் விடுதியிற் படுத்திராமல் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று காட்டி, உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது. அவ்வறிவை யாரும் புட்டியில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாத அறிவை ஊதிய நோக்கமுடையோர் தேடார். அவர்மேற் குறை சொல்லவும் ஒண்ணாது.

இனி எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிடின் யான் நடுநின்றவன் ஆகேன். 2001-இல் எயிட்ஸ் நோய்க்குரிய மூன்று மருந்துகளை, மேல்நாட்டு நிறுவனங்கள் ஓராண்டிற்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்றபோது, அறச்சங்கங்கட்கு 350 டாலருக்குத் தருவதாக முன்வந்தது பம்பாய் சிப்லா நிறுவனம். அஃது ஊதியம் பெறும் நிறுவனமே. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கன்றி மருந்துக்கே முற்றுரிமை தராது விட்டமையால், பலர் போட்டியிட்டுச் செய்ய, விலை தாழ்ந்தது. போட்டி உள்ள இடத்தில் வணிகனே ஏழைக்குத் தோழன். அச்சட்டம் 2005-இல் மாறிவிட்டது.

ஊதியங் கருதாமை ஒன்றே தூய்மைக்குப் பிணையும் அன்று. குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் இயங்கிய பாஸ்டியர் நிலையமும், 1948-இல் ஏற்பட்ட கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடமும் கோடிக்கணக்கான குழந்தைகட்குத் தடுப்பு மருந்து அளித்தவை. 2008 ஜனவரியில் அவ்விரண்டன் உரிமமும், வடக்கே கசௌலி நிலையத்தின் உரிமமும் நிறுத்தி வைக்கப்பட்டன. நல்ல செய்முறைக்கு வேண்டிய கட்டடமும் கருவியும் ஏற்பாடும் இல்லை என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு உண்மையே. ஆனால் பல்லாண்டாகப் பணம் ஒதுக்கிப் பழுதுபார்க்க வேண்டியவர் யார்? வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு, ஒழுகுகின்றது என்று குடியிருந்தவனை வெளியேற்றியது போலாயிற்று. அரசாங்கம் அதுகாறும் தான் செய்துகொண்டிருந்ததைத் தனியாரிடம் வாங்கலாயிற்று. 2010-இல் உரிமம் திரும்பியது. செங்கற்பட்டிற் பெருஞ்செலவில் எழுப்பிய புதிய தடுப்பூசி வளாகமோ, 2021-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வேளையிலும் ஊசிமருந்து ஒன்றும் செய்யாது கிடந்தது. ஆகவே, அரசாங்கத்திடம் ஒப்படைத்தால் எல்லாம் நலமாம் என்று சொல்ல யான் வரவில்லை.

பின் எது வழி? நம் பக்கத்திலேயே இருக்கின்றது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசாங்க வேலையினின்றும் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களைக் கொண்டு கண் அறுவை செய்த பெருமகனார் அவர். கண்புரை நீக்கியபின் கண்ணுள் வைக்கும் வில்லை அயல்நாட்டிலிருந்து வந்தபோது ஒன்று 100 டாலருக்கும் மேல் விற்றது. ஏழைக்கு வில்லை இல்லை. தடித்த கண்ணாடியே கதி. 1992-இல் ஆரோலேப் என்னும் அறக்கட்டளைத் தொழிற்சாலையை மதுரையிலே நிறுவி, ஏறத்தாழ 10 டாலருக்கு வில்லை செய்தனர். பின்னர் இன்னுங் குறைந்தது. அத்தொழிற்சாலை நட்டத்தில் ஓடவில்லை. மிச்சம் உண்டு. அம்மிச்சம் பங்காளர் வீட்டிற்குப் போகாமல் தொழிலுக்கே திரும்புகின்றது. முன்னே யான் பிரித்துக் காட்டிய ஊதியமும் ஊதிய நோக்கமும் அங்கே கண்கூடாகப் பிரிந்து நிற்கின்றன.

மற்றொன்று, 1994-இல் அமைந்து அடுத்த ஆண்டு முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இது மருந்து செய்வதில்லை. அரசாங்க மருத்துவமனை அனைத்திற்கும் ஒருசேர விலைப்புள்ளி கேட்டு, வணிகப் பெயர் நீக்கி மூலப்பெயரால் வாங்கி, மாதிரியைச் சோதித்து, மாவட்டந்தோறும் கிடங்கில் வைத்து, மருத்துவமனைகள் கைச்சாத்துப் புத்தகத்தின்படி எடுத்துக்கொள்ளச் செய்கின்றது. கேரளம், இராசத்தானம் முதலிய நாடுகள் இம்முறையைப் பின்பற்றின. செய்வோர் தனியார், ஊதியங் கருதுவோர். இடையில் நின்று கொள்வோன் மட்டும் ஊதியங் கருதாதவன். அவ்வொருவனாலேயே விலை சரிகின்றது. 1944-இற் சென்னையில் நம் நாட்டு வைத்தியர்கள் தாமே கூடி, சித்தம், ஆயுர்வேதம், யூனானி மருந்துகள் செய்யக் கூட்டுறவுச் சங்கம் கண்டதும் இவ்வகையினதே. இம்ப்காப்ஸ் என்று அதனை அனைவரும் அறிவர்.

தரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2025-இற் காஞ்சிபுரம் மாவட்டத்திற் செய்த இருமல் மருந்தை உண்டு மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் அதிற் கலந்திருந்தது. மலிவாக வாங்குகின்றோம் என்று களிக்குமுன், சோதித்தவர் யார் என்று கேட்க வேண்டும்.

சென்ற மாதம் மருந்துக்கடை வைத்திருக்கும் நம் உறவினர் ஒருவரிடம் இத்தீர்மானத்தைப் பற்றிப் பேசினேன். அவர் எனக்கு மூத்தவர். "தம்பி, நீ பாடஞ் சொல்லுகிறாய், முதல் தேதி சம்பளம் வருகிறது. நான் கடை வாடகை கொடுக்கிறேன், கடன் கொடுத்துவிட்டு வசூலிக்க அலைகிறேன், இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து மருந்து தருகிறேன். உங்கள் சங்கக் கடை இரவில் திறக்குமா?" என்று கேட்டார். "திறக்க வேண்டும், அண்ணாச்சி" என்றேன். "சம்பளக்காரன் திறக்கமாட்டான்" என்றார். அவர் கூற்றில் உள்ள உண்மை என்னை ஒரு கிழமை உறங்கவிடவில்லை. தன் முதல் போட்டவன் காட்டும் விழிப்பைச் சம்பளக்காரனிடம் எதிர்பார்த்தல் அரிது. நம் சங்கப் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே யான் இதை ஒப்புக்கொள்ளுகின்றேன். ஆனால் அவரே, சிறிது பொறுத்து, ஒரே மூலப்பொருள் கொண்ட இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்றன் விலை மற்றதினும் பலமடங்கு. "இதில் விலை கூடியதைத்தான் சீட்டில் எழுதி வருகிறது. மற்றதைக் கொடுத்தால் வாங்குபவர் சந்தேகப்படுகிறார். நான் என்ன செய்வேன்?" என்றார். அவருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை என்பதைக் கண்டேன்.

ஆதலின் தீர்மானத்தில் ஒரு திருத்தம் கூறி முடிக்கின்றேன். நம் கடை எல்லா மருந்தும் விற்க வேண்டுவதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், வலிப்பு ஆகிய நெடுநாள் நோய்களுக்கு நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்துகளை மட்டும் மூலப்பெயரில் வைக்கட்டும். சோதனைச் சான்றில்லாத சரக்கை ஏற்க வேண்டா. கொள்முதலும் கடைச்செலவும் கூட்டி விலை வைக்க வேண்டும். இலவசம் கூடாது, மகமை வற்றினால் கடையும் மூடிப்போம். கணக்கை மாதந்தோறும் சங்க வாயிற்பலகையில் ஒட்டுக. மற்றை மருந்துகளும் இரவுத் தேவையும் நம் கடைக்காரர்களுக்கே இருக்கட்டும். கடையை மேற்பார்க்கும் ஐவர் குழுவில் மருந்து வாணிகம் அறிந்த இருவரைச் சேர்க்க வேண்டுகின்றேன். என் உறவினரையும் கேட்டேன், அவர் இன்னும் விடை சொல்லவில்லை. அவர் இதோ நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். தீர்மானத்தை வாக்குக்கு விடுமுன் அவருக்கும் சில நிமிடம் பேச இடந்தருமாறு அவைத்தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றேன்.